இருட்டுறதுக்குள்ள கிளம்பிடு ஆயி

போன வாரம் பெங்களூரிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான். "சித்தி, பாங்காக் வரைக்கும் போறேன். பர்மாவுக்கு இ-விசா சுலபமாக் கிடைக்குதாம். ஒரு வாரம் பாகன் கோயிலெல்லாம் பாத்துட்டு, நம்ம சொந்தக்காரங்க ஊருக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வரட்டா?" என்றான். வேண்டாம்ப்பா என்றேன். "நீங்க போனப்பவும் மிலிட்டரி ஆட்சிதானே? நீங்க மட்டும் தனியாப் போனீங்களே!" நியாயமான கேள்வி. போனில் பதில் சொல்ல வரவில்லை. நாலு நாளாக மனசில் அதுவேதான் ஓடுகிறது. அவனுக்காகவும், இதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

நான் போனது 2010 மே மாதம். பள்ளிக்கூடத்துக்கு முழுப்பரீட்சை லீவு விட்டதும் கிளம்பினேன். எங்கள் பக்கம், திருத்துறைப்பூண்டியைச் சுற்றி, மே மாதத்தில் வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எல்லோரும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பேப்பரில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பூகோள டீச்சரான எனக்கு அப்போது 41 வயது. பர்மா எனக்கு வரைபடத்தில் பார்த்த ஊர் மட்டுமில்லை. அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி எனக்குள் இறங்கிய ஊர்.

தாத்தா மதராசில் கப்பலேறி ரங்கூன் போய், பெகு பக்கத்தில் அறுப்புக்கூலியாக ஆரம்பித்து, குத்தகைக்கு நிலம் பிடித்து விவசாயம் பார்த்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அடுத்த சில வாரத்தில், ஒரு வயசு கூட நிரம்பாத என் அப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, நாலு வயசு அத்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாயி நடந்தாள். பரோம் வழியாக அரக்கான் மலையேறி சிட்டகாங். வழியில் காலராவில் அத்தை போய்விட்டாள். அந்த இடம் எது என்று அப்பாயிக்குத் தெரியாது. "ஒரு மூங்கில் புதர்" என்பாள், அவ்வளவுதான். தாத்தாவின் தம்பி மட்டும் வரவில்லை. அறுப்பு முடியாமல் வயலை விட்டுட்டு வரமாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டாராம். அவருடைய கடைசிக் கடிதம் 1963-ல் வந்தது. அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் அது இருந்தது. அந்த விலாசம்தான் என் கையில் இருந்த ஒரே ஆதாரம்.

விசா எடுத்தது பாங்காக்கில். பர்மா தூதரகம் இருக்கிற பான் தெருவின் இன்னொரு முனையில், சீலோம் சாலையில், தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்த மாதம் தாய்லாந்து அரசை எதிர்த்துச் செஞ்சட்டைக்காரர்கள் போராட்டம் நடந்துகொண்டிருந்ததால் சீலோமில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் ஆசிரியை என்று எழுதினேன். பத்திரிகை, எழுத்து என்று ஏதாவது இருந்தால் கிடைக்காது என்று வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். மாரியம்மனுக்கு ஒரு மாலை வாங்கிப் போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

காசு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அப்போது நம் ஏடிஎம் அட்டை எதுவும் அங்கே செல்லாது. அமெரிக்கா விதித்த தடையால் கிரெடிட் கார்டும் கிடையாது. மொத்தச் செலவுக்கும் டாலர் நோட்டாகக் கொண்டுபோக வேண்டும். அதுவும் மடிப்பு விழாமல், முத்திரைக்கறை இல்லாமல், புத்தம் புதுசாக இருக்க வேண்டும். நான் 600 டாலரை வகுப்பில் வைத்திருக்கும் பெரிய அட்லஸுக்குள் பக்கம் பக்கமாக வைத்து எடுத்துப் போனேன். அரசாங்கக் கணக்குப்படி ஒரு டாலருக்கு அந்த ஊர்க் காசு 6 சாட்டுக்குக் கொஞ்சம் மேல். வெளியில் மாற்றினால் 1000 சாட் அளவில் கிடைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் அந்த நாட்டு மக்களின் உழைப்பு காணாமல் போய்க்கொண்டிருந்தது என்று பிறகு புரிந்தது.

போவதா வேண்டாமா என்று நானும் ரொம்ப நாள் யோசித்தவள்தான். இராணுவ அரசு 1996-ஐச் சுற்றுலா ஆண்டாக அறிவித்தபோது எதிர்க்கட்சித் தலைவர் ஆங் சான் சூச்சி, இப்போது வராதீர்கள் என்று வெளிநாட்டாரைக் கேட்டுக்கொண்டார். சுற்றுலாவுக்காகச் சாலை போடவும், மாண்டலே அரண்மனை அகழியைத் தூர்வாரவும் மக்களைக் கூலியில்லாமல் பிடித்து வேலை வாங்கினார்கள். தூர்வாருவது என்றால் என்னவென்று ஆற்றுப்பாசனக்காரர்களான நமக்குத் தெரியும். இடுப்பளவு சேற்றில் நின்று செய்கிற வேலை. அதைத் துப்பாக்கிமுனையில் செய்வதை நினைத்தால் அந்த அகழிக்கரையில் நின்று படம் எடுக்க மனசு வராது. நான் மாண்டலே போகவில்லை.

ஆனாலும் பர்மாவுக்குப் போனேன். எந்தக் காசு யார் கைக்குப் போகிறது என்று பார்த்துச் செலவழித்தேன். ரயிலும் ஆற்றுக் கப்பலும் அரசாங்கத்தினுடையவை, வெளிநாட்டார் டாலரில் கொடுக்க வேண்டும். அதனால் தனியார் பஸ்ஸில் போனேன். குடும்பமாக நடத்துகிற சின்ன விடுதிகளில் ஒருநாள் 8 டாலருக்குத் தங்கினேன். தெருவோரத்தில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கிற அம்மாவிடம் சாப்பிட்டேன். ஒரே இடத்தில் 20 ரூபாய் கொடுப்பதை நாலு இடத்தில் ஐந்தைந்து ரூபாயாகக் கொடுத்தேன் என்று வையுங்களேன். பாகனில் நுழைவுச்சீட்டு 10 டாலர் மட்டும் தப்ப முடியாமல் அரசாங்கத்துக்குப் போனது. அதைக் கொடுக்கும்போது கை கூசியது.

ரங்கூனைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். 1970-ல் ஒரே நாளில் வண்டிகளைச் சாலையின் வலது பக்கம் ஓட்டச் சொல்லி உத்தரவு போட்டார்கள். ஆனால் நான் ஏறிய பஸ்களெல்லாம் இடது பக்கம் ஓட்டுகிற நாடுகளிலிருந்து வந்த பழைய வண்டிகள். படிக்கட்டு நடுரோட்டைப் பார்த்து இருக்கும். பாட்டிமார் கூடையோடு ஓடுகிற வண்டிகளுக்கு நடுவில் இறங்குவார்கள். அதைப் பார்த்துத் திடுக்கிட்டவள் நான் ஒருத்திதான்.

அனோரதா சாலையில் 1871-ல் நம்மவர்கள் கட்டிய காளியம்மன் கோயில். உள்ளே போய் அப்பாயியின் கடிதத்தைக் காட்டினேன். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "பெகு பக்கம்தான், நம்ம ஆளுங்க இன்னும் இருக்காங்க" என்றார். ஊர் பேரை நான் எழுதமாட்டேன். யார் பேரையும் எழுதமாட்டேன். காரணம் போகப் போகத் தெரியும்.

பெகு ரங்கூனிலிருந்து 80 கிலோமீட்டர். அங்கே ஒரு விடுதியில் பதிவு செய்துவிட்டு, மறுநாள் காலையில் கைப்பையில் மாற்றுப்புடவையும் பல்பொடியும் வைத்துக்கொண்டு, லைன்கார் என்று அவர்கள் சொல்கிற பிக்கப் வண்டியில் ஏறினேன். மாற்றுப்புடவை எதற்கு? ராத்திரி தங்கத்தான். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இறங்கியதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எங்கள் ஊர்! பனைமரமும், வாய்க்கால் கரையும், வரப்பில் நிற்கிற கொக்கும் அப்படியே. ஒரே வித்தியாசம், மே மாதத்தில் அங்கே கோடை நெல் அறுப்பு. எங்கள் வயல் வெடித்துக் கிடக்கிற நேரத்தில் அங்கே களத்தில் நெல் குவிந்திருந்தது.

சித்தப்பா களத்தில் இருந்தார். தாத்தாவின் தம்பி மகன். 64 வயது. லுங்கிபோல லோஞ்சி, தோளில் துண்டு. நான் தாத்தா பெயரைச் சொன்னதும் அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். அழவில்லை. என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "மேட்டூர் தொறந்தாச்சா?"

அவர் மேட்டூரைப் பார்த்ததில்லை. அவருடைய அப்பா ஒவ்வொரு கடிதத்திலும் அதைத்தான் கேட்பாராம். கேட்டுக் கேட்டு மகனுக்கும் அது ஒட்டிக்கொண்டது.

சாப்பாடு கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. கூடவே ஙபி என்கிற மீன் விழுது, பச்சைக் காய்கறி. சின்னம்மா பரிமாறிக்கொண்டே என் தலைமுடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சித்தப்பாவின் மகனும் மருமகளும் தமிழ் பேசினார்கள், எழுதத் தெரியாது. 60-களில் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு தமிழ் படிப்பு கோயிலோடு நின்றுவிட்டது. ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பர்மியப் பெயர். சித்தப்பாவிடம் இருந்தது பச்சை அட்டை. 1982 சட்டப்படி முழுக்குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, இணைக்குடிமகனுக்கு நீலம், குடியுரிமை பெற்றவனுக்குப் பச்சை. 1823-க்கு முன்பே குடும்பம் அங்கே இருந்தது என்று காட்ட வேண்டுமாம். அங்கேயே பிறந்து அந்த மண்ணையே உழுதவரிடம்.

களத்தில் உட்கார்ந்து கணக்குப் பேசினோம். அவர்கள் நெல்லைக் கூடையில் அளக்கிறார்கள், ஒரு கூடை 46 ராத்தல். அப்பாயியும் கடைசிவரை கூடைக் கணக்குத்தான் சொல்வாள். நாங்கள் கலம், மரக்கால் என்போம், அவள் கூடை என்பாள். 1992-லிருந்து கோடை நெல்லும் போடச் சொல்லி உத்தரவு வந்ததையும், 2003 வரை அரசாங்கம் சொன்ன விலைக்கு இத்தனை கூடை என்று அளந்தே ஆகவேண்டும் என்று இருந்ததையும் சித்தப்பா சொன்னார். விளைச்சல் பொய்த்த வருஷம் வெளியில் விலைக்கு வாங்கி அளந்தாராம். மெதுவாக, நெல்லைக் கையில் அளைந்துகொண்டே சொன்னார்.

அப்போது நான் ஒரு தப்புச் செய்தேன். பக்கத்துக் களத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் வகுப்பில் பேசுகிற குரலில், "நர்கிஸ் புயலப்ப ராணுவம் வந்து உதவி செஞ்சுதா சித்தப்பா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு அது இயல்பான கேள்வி. 2004 சுனாமியில் எங்களுக்குப் பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் போனார்கள். நாங்கள் வேளாங்கண்ணியிலும் அக்கரைப்பேட்டையிலும் நின்று திட்டியும் அழுதும் கலெக்டரைக் கேள்வி கேட்டும் பார்த்தவர்கள். இங்கே 2008 மே 2, 3 தேதிகளில் ஐராவதிப் படுகையில் 1,30,000 பேருக்கு மேல் செத்தும் காணாமலும் போனார்கள். உதவிப் பொருளோடு வெளிநாட்டுக் கப்பல்கள் கடலில் காத்து நின்றன, உள்ளே விடவில்லை. மே 10 அன்று பெரும்பாலான இடங்களில் புது அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள்.

சித்தப்பா என் கேள்வி காதில் விழாதவர் மாதிரி எழுந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். பக்கத்துக் களத்திலும் யாரும் பேசவில்லை. முறம் புடைக்கிற சத்தம் மட்டும்.

நாலு மணி இருக்கும். "அஞ்சு மணி வண்டியைப் புடிச்சிடணும் ஆயி" என்றார். நான் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது என் பையை அவரே எடுத்துக் கையில் வைத்திருந்தார். "இருட்டுறதுக்குள்ள கிளம்பிடு ஆயி."

எங்கள் பக்கத்தில் விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தவர்களை யாரும் அனுப்பமாட்டார்கள். கடன் கேட்க வந்தவனைக்கூட ஒரு வாய் சாப்பிட்டுப் படுத்திருந்து காலையில் போ என்பார்கள். 68 வருஷம் கழித்து ரத்த சொந்தம் தேடி வந்திருக்கிறேன், தங்கு என்று ஒரு வார்த்தை இல்லை. சின்னம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். வண்டியில் வரும்போது கண்ணீர் வந்துவிட்டது. சொத்துப் பங்கு கேட்டுவிடுவேன் என்று பயந்தார்களோ என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விடுதிக்காரப் பையன் கார்பன் தாள் வைத்து நாலைந்து பிரதியாக என் பாஸ்போர்ட் விவரத்தை எழுதிக்கொண்டிருந்தான். தினமும் எழுதுவான், தினமும் ராத்திரிக்குள் அவற்றை அலுவலகங்களில் கொடுக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டான். சொன்னேன். அவன் பேனாவை வைத்துவிட்டு அரைகுறை இங்கிலீஷில் விளக்கினான். இந்த நாட்டில் பக்கத்து ஊர் மாமன் வந்து ராத்திரி தங்கினாலும் பொழுது சாய்வதற்குள் வட்டாரத் தலைவரிடம் போய் எழுதிக்கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் வீட்டில் தங்கவே கூடாது, உரிமம் உள்ள விடுதியில்தான். நடுராத்திரி கதவைத் தட்டுவார்கள். குடும்பப் பட்டியலை வைத்துக்கொண்டு தலையை எண்ணுவார்கள். ஒரு தலை கூடுதலாக இருந்தால் வீட்டுக்காரருக்குத்தான் சிறை. "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, விமானத்துல ஏத்தி அனுப்பிடுவாங்க" என்றான்.

அதற்கு முந்தின வருஷம் நடந்ததை அவன் சொல்லவில்லை, எனக்கே ஞாபகம் வந்தது. 2009 மே மாதம் அமெரிக்கர் ஒருவர் இன்யா ஏரியை நீந்திக் கடந்து, வீட்டுக்காவலில் இருந்த சூச்சியின் வீட்டுக்குப் போய்விட்டார். களைத்துப் போனவரை வெளியே தள்ள மனசில்லாமல் இரண்டு நாள் இருக்க விட்டார்கள். வழக்கு நடந்தது. அந்த அமெரிக்கருக்கு 7 வருஷத் தண்டனை கொடுத்து, ஒரு வாரம்கூட ஆகாமல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சூச்சிக்கும் கூட இருந்த இரண்டு பெண்களுக்கும் மேலும் 18 மாதக் காவல். பேப்பரில் படித்தபோது விசித்திரச் செய்தியாகப் படித்து மறந்ததுதான். அன்று ராத்திரி அந்த இரண்டு பெண்களை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

காலையில் ஏழு மணிக்குக் கீழே வந்தால், எதிர்த்த டீக்கடையில் சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார். முதல் வண்டியில் வந்திருக்கிறார். பக்கத்தில் தூக்குச்சட்டி. சின்னம்மா ராத்திரியே எழுந்து புளிசாதம் கிளறிக் கொடுத்திருக்கிறார். "தூங்கினியா ஆயி?" என்றார். நான் தலையை ஆட்டினேன். ரொம்ப நேரம் டீயைக் குடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தவர், "ஒங்கப்பாயி புள்ளையப் பறிகொடுத்துட்டு நடந்து போன மண்ணு. அவ பேத்தி வந்து ஒரு ராத்திரி படுக்க எடம் கேட்டு இல்லேன்னு அனுப்பிட்டேன்" என்றார். நான் கேட்கவே இல்லை சித்தப்பா என்றேன். "மாத்துப்புடவ எடுத்துட்டு வந்திருந்தியே, பைக்குள்ள பாத்தேன்" என்றார்.

அதற்கு மேல் நாங்கள் பேசியதெல்லாம் மழையும் நெல்லும்தான்.

அவரை வண்டியேற்றிவிட்டு, பெகுவில் இருக்கிற கல்யாணி சீமைக்குப் போனேன். சீமை என்றால் பிக்குகளுக்குத் துறவுச் சடங்கு நடக்கிற இடம். 1476-ல் தம்மசேதி மன்னர் இலங்கைக்குப் பிக்குகளை அனுப்பி, அவர்கள் திரும்பியதும் கட்டிய மண்டபம். அந்தக் கதையை 10 கல்லில் பாலியிலும் மோன் மொழியிலும் வெட்டி வைத்திருக்கிறார். அதில் எங்கள் நாகப்பட்டினம் வருகிறது. திரும்பி வரும்போது ஒரு கப்பல் உடைந்து, அதிலிருந்த பிக்குகள் கால்நடையாக நாகப்பட்டினம் வந்து, பழைய விகாரை இருந்த இடத்தைக் கும்பிட்டிருக்கிறார்கள். நம் கரையில் துறையைக் கவனித்துவந்த இரண்டு பேர் அவர்களுக்குச் சோறும் துணியும் கொடுத்துத் தங்கவும் இடம் கொடுத்தார்கள் என்று கல்லில் இருக்கிறது. பெகுவோடு வியாபாரம் செய்தவர்கள். உடைந்து கிடக்கிற அந்தக் கற்களின் முன்னால் வெகுநேரம் நின்றேன். நாகூர் போகிற பஸ்ஸில் எத்தனை தடவை அந்தக் கடற்கரையைக் கடந்திருக்கிறேன்!

பாகனுக்கும் போனேன். 13-ஆம் நூற்றாண்டில் மலைமண்டலத்து வணிகர் ஒருவர் அங்கே இருந்த நானாதேசி விண்ணகர் கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இந்தப் பதிவில் அதற்கு இடமில்லை.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கும் மிலிட்டரி ஆட்சி, இன்றைக்கும் மிலிட்டரிதானே என்றாய். நடுவில் சில வருஷம் கதவு கொஞ்சம் திறந்தது. நான் போனபோது 1000 டாலருக்கு மேல் விற்ற சிம்கார்டு 2014-ல் 1500 சாட்டுக்கு வந்தது. சித்தப்பா வீட்டிலும் போன் வந்தது, வீடியோவில் பேசினோம். 2016-ல் சூச்சியின் கட்சி ஆட்சிக்கு வந்ததும் ராத்திரி விருந்தாளியைப் பதிவு செய்கிற சட்டத்தை எடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று சித்தப்பாதான் கூப்பிட்டார். "இனிமே வந்தா தங்கலாம் ஆயி" என்றார். வருகிறேன் சித்தப்பா என்றேன். பிள்ளைகள் கல்யாணம், வேலை என்று தள்ளிப்போட்டேன். 2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. இரண்டு வாரத்துக்குள் முதலில் செய்தவற்றில் ஒன்று, அந்த விருந்தாளிச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது.

அப்போதைக்கும் இப்போதைக்கும் இன்னொரு வித்தியாசம், இப்போது நாடு முழுக்கச் சண்டை. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது. நான் போனபோது களத்தில் வைக்கோலில் புரண்டு விளையாடிக்கொண்டிருந்த சித்தப்பாவின் பேரன், என்னை அத்தை அத்தை என்று சுற்றி வந்த பையன், இப்போது அந்த வயதுக்குள் இருக்கிறான். எங்கே இருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. இந்த நிலையில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு கேமராவும் கையுமாக நீ அந்த வீட்டு வாசலில் போய் நின்றால், ஊரில் எத்தனை கண் பார்க்கும்? நீ அடுத்த நாள் பாகனில் சூரிய அஸ்தமனம் பார்த்துக்கொண்டிருப்பாய். கதவு தட்டப்படுவது அவர்களுக்கு. அதனால்தான் வேண்டாம் என்றேன். உன் பத்திரத்துக்காக மட்டும் சொல்லவில்லை தம்பி.

சித்தப்பாவுக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. மாதம் ஒரு தடவை, லைன் கிடைத்தால் கூப்பிடுகிறார். நெல் விலை சொல்வார். மழை எப்படி என்று நான் கேட்பேன். பேரன் பேச்சை எடுக்கமாட்டோம். இந்த ஜூன் மாதம் கூப்பிட்டபோது ஒலி விட்டு விட்டு வந்தது, சின்னம்மா பின்னால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், புரியவில்லை. பிறகு அவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"மேட்டூர் தொறந்தாச்சா ஆயி?"

தொறந்தாச்சு சித்தப்பா, கல்லணைக்குத் தண்ணி வந்துடுச்சு என்றேன்.